பன்றிக்குச் சீக்கு வந்த கதை

ஹெப்ஸிபா கிரேன் கறுப்புச் சால்வை போர்த்திக்கொண்டு பனிவண்டியில் வருகிறாள் என்றால் யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று அர்த்தம். விஸ்கான்சினில் எங்கள் பக்கத்தில் இது கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். அதனால் அந்தப் பெப்ரவரிக் காலையில் சமையலறை ஜன்னல் வழியாக அவளைப் பார்த்ததும், லொவீனா டட்டில் இஸ்திரிப் பெட்டியை அடுப்பின்மேல் வைத்துவிட்டு, 'இன்னைக்கு யாரு பாவம்?' என்று நினைத்துக்கொண்டாள். அந்த ஸ்வீடன்காரப் பெரியவராகத்தான் இருக்கும், மனுஷர் இலையுதிர் காலத்திலிருந்து இருமிக்கொண்டே இருந்தார்.

ஹெப்ஸிபா கதவைத் தட்டவில்லை. ஒரு கையில் மூடிபோட்ட கூடையும் மறு கையில் ஆப்பிள் பையுமாக உள்ளே வந்து, இரண்டையும் மேஜைமேல் வைத்துவிட்டு, லொவீனாவை அப்படியே சேர்த்துக் கட்டிக்கொண்டாள்.

"அழுதுடு சிஸ்டர். அடக்கி வைக்காதே. துக்கத்தை உள்ளயே வச்சா உடம்புக்கு ஆகாது."

மெத்தடிஸ்ட் சபையில் எல்லோரும் எல்லோருக்கும் பிரதர், சிஸ்டர்தான். ஆனால் ஹெப்ஸிபா அந்தச் சொல்லைச் சாவு வீட்டில் சொல்லும்போது மட்டும் அதில் ஒரு தனி இழுப்பு இருக்கும். அந்த இழுப்பு இப்போது இருந்தது. 

"யாருக்கு என்ன ஆச்சு?"

ஹெப்ஸிபா கையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ கடவுளே! உனக்கு இன்னும் யாருமே சொல்லலையா? ஊரே நேத்து கடையில உக்காந்து அழுதுச்சேடி!"

"ஆரினா?"

அவள் புருஷன் ஆரின் டட்டில் திங்கட்கிழமை ஹெரான் ஏரிக்கு, ஐஸ் அறுத்துக் கிடங்கில் சேர்க்கும் வேலைக்குப் போயிருந்தான். நேர்ந்துகொண்ட மாதிரி வருஷா வருஷம் போகிற வேலைதான். சனிக்கிழமை வருவான்.

"ஏரியில... ஓடை வந்து சேர்ற இடத்துல... ஐஸுக்கு அடியில..." ஹெப்ஸிபாவுக்கு அதற்குமேல் வரவில்லை.

லொவீனா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். காது அடைத்துப்போயிற்று. பிறகு, அந்த நிலைமையிலும், வீட்டுக்காரி புத்தி வேலை செய்தது. "யார் பார்த்தாங்க? யார் வந்து சொன்னது?"

"யார் சொல்லணும்? பத்திரிகையிலயே போட்டுட்டானே! கடைக்கார ப்ரூனர் அடுப்புப் பக்கத்துல நின்னு முழுசா வாசிச்சார். இந்தா, உனக்காக வாங்கிட்டு வந்தேன்." சால்வைக்குள்ளிருந்து ஹெப்ஸிபா எடுத்தது பாஸ்டனிலிருந்து வரும் மாதப் பத்திரிகை. மேல் அட்டையில் ஜனவரி என்று போட்டிருந்தது.

லொவீனா அதைப் பார்த்தாள். ஹெப்ஸிபாவைப் பார்த்தாள். திங்கட்கிழமை ஏரிக்குப் போனவன் ஜனவரிப் பத்திரிகையில் எப்படிச் சாவான்? நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"இது கதை, சிஸ்டர்! கதை! பாருங்க, மேல பேர் போட்டிருக்கு, லைமன் விட்கோம். போன ஆகஸ்டுல எங்க வீட்டுல வந்து தங்கினானே, அந்தப் பையன் எழுதினது!"

ஹெப்ஸிபா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"கதைன்னா என்னன்னு எனக்குத் தெரியாதா? உன்னை விட ஜாஸ்தி படிச்சிருக்கேன். கதைன்னா அதுல ஒரு பிரபு வரணும். அனாதைப் பொண்ணு வரணும். அவ தோள்ல ஒரு மச்சம் இருக்கணும். கடைசில கல்யாணம் ஆகணும். இதுல பன்னிக்குச் சீக்கு வருது லொவீனா! பன்னிக்குச் சீக்கு வர்றதை எவனாவது உக்காந்து கற்பனை பண்ணி எழுதுவானா? நடந்தாத்தானே எழுதுவான்?"

அவளைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. அந்தக் காலத்தில் பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் பெரிய பெரிய மனிதர்கள் கூடி, இனிமேல் கதையில் பிரபு வேண்டாம், மச்சம் வேண்டாம், சாதாரண ஜனங்கள் சாதாரணமாகப் படுகிற பாட்டை உள்ளது உள்ளபடி எழுதினால் போதும் என்று முடிவு செய்திருந்தார்கள். நல்ல முடிவுதான். ஆனால் அந்தச் சாதாரண ஜனங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்ப யாருக்கும் தோன்றவில்லை.

விட்கோம் பையன் அந்த வகை. ஒல்லியாக இருப்பான், பட்டணத்துச் செருப்புப் போட்டுக்கொண்டு வைக்கோல் அள்ள வந்து, மத்தியானத்துக்குள் கை முழுக்கக் கொப்புளம் போட்டுக்கொண்டான். சாப்பாட்டில் மட்டும் சமர்த்து. சாயங்காலமானால் தொழுவத்துப் பக்கம் ஆரினோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பான். 'உங்களை மாதிரி ஜனங்களைப் பற்றி உண்மையை எழுதப் போறேன் அம்மா' என்று அவன் சொன்னபோது, தன்னுடைய ப்ளம் ஜாமைப் பற்றித்தான் எழுதப்போகிறான் என்று லொவீனா நினைத்தாள். அவளுடைய ஜாம் அப்படி.

"குடுங்க பார்ப்போம், என்னத்தை எழுதிக் கிழிச்சிருக்கான்னு."

அவள் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தாள். கதாநாயகன் பெயர் ஆரன் டர்டல். மாற்றியது அவ்வளவுதான். ஜூலையில் ஆலங்கட்டி மழை பெய்து ஓட்ஸ் பயிரெல்லாம் படுத்தது, இலையுதிர் காலத்தில் பன்றிகள் வரிசையாகச் சீக்கு வந்து விழுந்தது, குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தது, எல்லாம் அப்படியே இருந்தது. எல்லாம் போன வருஷத்துக்கு முந்தின வருஷம் நடந்தவை. மேஜை விரிப்பில் தீய்ந்த ஓட்டைகூட விடுபடவில்லை. பிறகு மனைவி வந்தாள். 'அவள் யோசிப்பதை நிறுத்திப் பல வருஷங்கள் ஆகியிருந்தன' என்று எழுதியிருந்தான்.

"அடப்பாவி!" லொவீனா பத்திரிகையை மேஜையில் அடித்தாள். "தட்டு நிறையத் தட்டு நிறையப் போட்டேனே! யோசிக்காதவளா? இவன் கொப்புளத்துக்கு மருந்து போட்டது யாரு?"

"அதை விடு. பக்கத்து வீட்டுக்காரின்னு ஒருத்தி வருவா பாரு," என்றாள் ஹெப்ஸிபா. "எங்க சாவுன்னாலும் முதல்ல போய் நிப்பாளாம். சரியான வம்பு பிடிச்சவ. அது யாருன்னுதான் எனக்குப் புரியவே இல்லை."

லொவீனா அவளை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பக்கத்தைத் திருப்பினாள்.

அடுத்த பக்கத்தில் அவள் கோபம் மறந்துபோயிற்று. பன்றிகளைப் புதைத்த அன்று, ஆரன் டர்டல் தொழுவத்துக்குப் போய், கிழட்டுக் குதிரையின் கழுத்தில் நெற்றியை முட்டுக்கொடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுகிறான். அதை லொவீனா பார்த்திருக்கிறாள். பலகை இடுக்கு வழியாகப் பார்த்துவிட்டு, அவன் மானம் போகக் கூடாதென்று சந்தடியில்லாமல் திரும்பி வந்தவள். யாரிடமும் மூச்சுவிட்டதில்லை. அவனிடம்கூட. அப்படியென்றால் அந்தப் பையனுக்கு ஆரினே சொல்லியிருக்கிறான்.

அதற்கடுத்து ஆரனின் தகப்பன் வந்தான். வெர்மான்ட்டில் மாவு மில் குளத்தில் செத்துக் கிடந்தவன். கால் வழுக்கியது என்று ஊர் சொன்னது. வழுக்கவில்லை என்பது மகனுக்குத் தெரியும். இந்த உலகத்தில் அது ஆரினுக்கும் லொவீனாவுக்கும் மட்டுமே தெரிந்த விஷயம். கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை சொன்னான், அப்புறம் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை.

கடைசிப் பக்கத்தில் ஆரன் டர்டல் வீட்டுக்கு வேண்டிய விறகையெல்லாம் பிளந்து அடுக்கிவிட்டு ஏரிக்குப் போகிறான். ஓடை வந்து கலக்கிற இடத்தில், ஐஸ் மெல்லிசு என்று நன்றாகத் தெரிந்துகொண்டே, நேராக நடக்கிறான். 'ஆலங்கட்டிக்குத் தன் இஷ்டம் என்று எப்படி ஒன்று கிடையாதோ, அப்படியே அவனுக்கும் கிடையாது. தகப்பனின் ரத்தம் அவனை நடத்திக்கொண்டு போனது' என்று கதை முடிந்தது.

லொவீனா கண்ணாடியைக் கழற்றினாள். ஜன்னலுக்கு வெளியே, சுவர் ஓரமாக, விறகு கூரை மட்டத்துக்கு அடுக்கியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்குக்கூட வராமல் ஆரின் பிளந்த விறகு. ஒரு வாரத்துக்குப் போகிறவன் மாசக்கணக்குக்கு எதற்கு விறகு பிளந்தான்? அன்றைக்கு அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. இன்றைக்கு அதைப் பார்க்கவே பயமாக இருந்தது.

ஹெப்ஸிபா கதையை நடந்து முடிந்த செய்தியாக எடுத்துக்கொண்டாள். லொவீனா இப்போது இனி நடக்கப்போகிற செய்தியாக எடுத்துக்கொண்டாள். இத்தனை சரியாக எழுதியவன் கடைசியை மட்டும் தப்பாகவா எழுதியிருப்பான்?

"சிஸ்டர், வண்டியைத் திருப்புங்க. ஏரிக்குப் போகணும்."

"இப்பத்தானே கதைன்னு சத்தியம் பண்ணினே?"

"கதைதான். திருப்புங்க!"

ஹெப்ஸிபாவிடம் இது ஒரு நல்ல குணம். புரியவில்லையென்றால் கேட்டுக்கொண்டே இருப்பாள், ஆனால் கேட்டுக்கொண்டே காரியத்தைச் செய்வாள். குதிரையை விரட்டினாள். பனி வாரியடித்தது. வழியெல்லாம் அவள் வாய் ஓயவில்லை. "ஒண்ணு சொல்லு லொவீனா. செத்துட்டாரா, சாகலையா? சாகலைன்னா நான் எதுக்கு நேத்து ராத்திரி பூரா அழுதேன்? ப்ரூனர் வேற கைக்குட்டை குடுத்தார்."

"தெரியலை சிஸ்டர். எனக்கு ஒண்ணுமே தெரியலை." சொல்லும்போதுதான் அது எவ்வளவு பெரிய உண்மை என்று அவளுக்கு உறைத்தது. இத்தனை வருஷம் ஒரே படுக்கையில் படுத்தவன் உள்ளே என்ன இருக்கிறதென்று, ஆகஸ்டில் வந்த ஒரு பட்டணத்துப் பையனுக்குத் தெரிந்திருக்கிறது. தனக்குத் தெரியவில்லை. யோசிப்பதை நிறுத்தியவள் என்று அந்தப் பயல் எழுதியது சரிதானோ என்று நினைத்தாள். 

ஏரியில் வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. ரம்பங்கள் கிறீச்சிட்டன, குதிரைகள் ஐஸ் பாளங்களைக் கிடங்குப் பக்கம் இழுத்தன, ஆட்கள் ஐஸை மூடி வைக்கிற மரத்தூள் ஒட்டிய உடம்பும் வெள்ளை மூச்சுமாக ஓடிக்கொண்டிருந்தார்கள். லொவீனா ஒவ்வொரு தொப்பியாகப் பார்த்தாள். ஆரினின் சிவப்புக் காது மறைப்பு எங்கேயும் இல்லை. மேஸ்திரி ஹால்வர் என்ற நார்வேக்காரர், காபி குடித்துக்கொண்டு நின்றார்.

"ஆரின் எங்கே?"

"டட்டிலா? ஓடை வாய்ப் பக்கம் போனான்." ஹால்வர் கையைக் காட்டினார். "தனியாத்தான் போனான். நானா அனுப்பலைம்மா, அவனே கேட்டு வாங்கிக்கிட்டான். ஏன், என்ன விஷயம்? ஏய், அந்தப் பக்கம் போகாதே, மெல்லிசு!"

அவள் போய்விட்டாள். பாவாடையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, வழுக்கி விழுந்து, எழுந்து, மறுபடி ஓடினாள். மனசுக்குள் ஜெபம் வரவில்லை. 'விறகு பிளந்தியே பாவி, விறகு பிளந்தியே' என்றுதான் வந்தது.

தூரத்தில் ஒரு ஆள் தெரிந்தான். சிவப்புக் காது மறைப்பு. தனியாக நின்றுகொண்டிருந்தான். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவன் மண்டி போட்டு, அப்புறம் வயிறு படியக் குப்புறப் படுத்துக்கொண்டு, கறுப்பாகத் தெரிந்த ஐஸ் பக்கம் ஊர்ந்து போனான்.

"ஆரின்!"

அந்தச் சத்தம் கிடங்கு வரைக்கும் கேட்டதாம். ரம்பங்கள் நின்றுவிட்டன. ஆரின் தலையைத் திருப்பினான்.

"நில்லுடி! அங்கேயே நில்லு! ஒரு அடி எடுத்து வைக்காதே!"

அவள் நின்றாள். அவன் ஊர்ந்தபடியே, பக்கத்திலிருந்த ஒரு பைன் கிளையை எட்டித் தள்ளி, தான் போட்ட துளைக்குள் செருகி நேராக நிறுத்தினான். அப்போதுதான் அவள் மற்றதையெல்லாம் பார்த்தாள். ஓடை வாயைச் சுற்றி வளைவாகப் பச்சைப் பைன் கிளைகள் நட்டிருந்தன. வண்டிக்காரர்களும் சறுக்க வருகிற பிள்ளைகளும் தாண்டிப் போகக் கூடாதென்று எல்லை வைத்துக்கொண்டிருந்தான்.

அவன் மெதுவாகப் பின்னால் ஊர்ந்து, கெட்டியான ஐஸுக்கு வந்ததும் எழுந்து, இடுப்பில் கட்டிய கயிறு தொங்க, கடப்பாரையும் கையுமாக அவளிடம் வந்தான். "என்ன ஆச்சு? வீடு எரிஞ்சுபோச்சா?"

 லொவீனா கையை ஓங்கி அவன் மார்பில் ஒரு அடி அடித்தாள். இன்னொரு அடி. அப்புறம் அவன் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். அவன் உயிரோடு, மூக்கு ஒழுக, வியர்வையும் குதிரை வாடையுமாக நின்றான். அப்படி ஒரு வாசனை உலகத்தில் இல்லை என்று அவளுக்கு இருந்தது.

"செத்துட்டேன்னு எழுதியிருக்கான்! நீ செத்துட்டேன்னு பாஸ்டன்ல அச்சடிச்சு வித்திருக்கான்! குதிரை கழுத்துல அழுதது, உங்க அப்பா, எல்லாம். இந்த இடம் கூட. இதே இடம்!"

ஆரின் கடப்பாரையின் நுனியில் ஒட்டியிருந்த ஐஸைத் தட்டிவிட்டான். "போட்டுட்டானா?" என்றான். "நல்லா எழுதியிருக்கானா?"

"நல்லாவா? உன்னைக் கொன்னுடுவேன்!"

"சரி சரி, கத்தாதே. எல்லாரும் பார்க்கறாங்க."

"பார்க்கட்டும். நீதானே சொன்னே அவன்கிட்ட? கடைசியும் நீ சொன்னதுதானா?"

 தூரத்தில் ஹால்வர் கையை ஆட்டி ஆட்களை வேலைக்குத் திருப்பினார். ரம்பங்கள் மறுபடி ஓட ஆரம்பித்தன. அந்தச் சத்தத்தின் மறைவில் ஆரின் பேசினான்.

"கடைசிக்கு முன்னாடி வரைக்கும் நான் சொன்னதுதான். போன வருஷம், பன்னியெல்லாம் போன அந்தக் குளிர்காலம். ஒரு நாள் வேலை முடிஞ்சு எல்லாரும் போனப்புறம் இங்க வந்தேன். அந்தா, அந்த மூணாவது கிளை இருக்கு பாரு, அங்க. வந்துட்டேன் லொவீனா. தெரிஞ்சேதான் வந்தேன்."

அவள் கை அவன் கோட்டை இன்னும் இறுக்கியது.

"ஒரு கால் உள்ள போயிடுச்சு. முட்டி வரைக்கும். அடேயப்பா! அப்படி ஒரு ஜில்லு. நான் பாட்டுக்கு என்னென்னமோ யோசிச்சுக்கிட்டு வந்தவன், என் பூட்ஸுக்குள்ள தண்ணி போனதும் வாயில வந்ததெல்லாம் சொல்லித் திட்டினேன். ஓடையைத் திட்டினேன், ஹால்வரைத் திட்டினேன். சாகவேண்டிய ஆளுக்குப் பூட்ஸ் நனைஞ்சா என்ன? ஆனா அந்த நேரத்துல எனக்குக் காலு காயணும்னு மட்டும்தான் இருந்துச்சு. தவழ்ந்து வெளிய வந்து, வீட்டுக்கு ஓடி வந்தேன்."

லொவீனாவுக்கு அந்தச் சாயங்காலம் நினைவுக்கு வந்தது. துடைத்த தரையெல்லாம் ஈரக் காலோடு நடந்தான் என்று அவனை அவள் வறுத்தெடுத்தாள். திட்டிக்கொண்டே அவன் காலை மடியில் எடுத்து வைத்துத் துண்டால் தேய்த்தாள். அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். என்ன முழிக்கிறாய் என்று அதற்கும் ஒரு திட்டு விழுந்தது.

"இதை அவன்கிட்ட சொன்னியா? திரும்பி வந்ததை?"

"சொன்னேனே. அவன் ரொம்ப வருத்தப்பட்டான். 'ஆரின், இதை எழுதினா யாரும் நம்பமாட்டாங்க. பரம்பரை, பஞ்சம், குளிர் எல்லாம் சேர்ந்து ஒரு மனுஷனை இவ்வளவு தூரம் தள்ளிட்டு வந்தப்புறம், ஈர சாக்ஸுக்காக இயற்கையின் சட்டம் திரும்பிப் போகாது'ன்னான். படிச்ச பையன். எனக்கும் சரின்னுதான் பட்டுச்சு. ஒரு சாக்ஸ் என்னடி காரணம்? சரிப்பா, உன் ஆளை வேணும்னா உள்ள அனுப்பிடு, நான் வீட்டுக்குப் போறேன்னுட்டேன்."

லொவீனா சிரித்துவிட்டாள். அழுகை நிற்கவில்லை, ஆனாலும் சிரித்தாள். உள்ளது உள்ளபடி எழுத வந்தவன், உள்ளது நம்பும்படியாக இல்லை என்று விட்டுவிட்டுப் போயிருக்கிறான். அவ்வளவு படிப்புப் படித்தவனுக்கு ஈரச் சாக்ஸின் அருமை தெரியவில்லை.

"அவ்வளவு விறகு எதுக்குப் பிளந்தே?"

"விறகா?" அவனுக்கு நிஜமாகவே புரியவில்லை. "நீதானே போன வாரம் பூரா, விறகு தீருது, விறகு தீருதுன்னு என் உயிரை எடுத்தே?"

ஆமாம், எடுத்தாள்.

"என்கிட்ட ஏன் சொல்லலை ஆரின்? யாரோ ஒரு வழிப்போக்கன்கிட்ட சொன்னியே."

"அதான். அவன் ரயில் ஏறிப் போயிடுவான். நீ தினமும் காலையில எதிர்ல உக்காந்திருப்பே. சொல்லிட்டா அப்புறம் ஒவ்வொரு நாளும் நீ என் மூஞ்சியைப் பார்த்துக் கணக்குப் போடுவியேன்னு பயமா இருந்துச்சு." கடப்பாரையைக் கை மாற்றிக்கொண்டான். "நீ கெட்டிக்காரி. கண்டுபிடிச்சுடுவே."

பின்னால் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. ஹெப்ஸிபா, கறுப்புச் சால்வை ஒரு பக்கம் இழுபட, ஹால்வரின் கையைப் பிடித்துக்கொண்டு வழுக்கி வழுக்கி வந்து நின்றாள். ஆரினைத் தலை முதல் கால் வரை பார்த்தாள். "நல்லா இருக்கீங்களா பிரதர்?" என்றாள், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

"இருக்கேன் சிஸ்டர்."

"அப்ப அவன் எழுதினது பூரா புளுகு?"

"புளுகு இல்லை," என்றாள் லொவீனா. "முழுசா எழுதலை. அவ்வளவுதான்."

ஹால்வர் சிரித்துக்கொண்டே ஹெப்ஸிபாவைக் காபி குடிக்க அழைத்துப்போனார். போகும்போதே அவள், பன்றிக்குச் சீக்கு வந்தால் அது கதையா செய்தியா என்று அவரிடம் கேட்க ஆரம்பித்துவிட்டாள். இவர்கள் இருவரும் மட்டும் நின்றார்கள்.

லொவீனா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். கேட்க வேண்டியது ஒன்று இருந்தது. பலகை இடுக்கு வழியாகப் பார்த்த அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். அன்று திரும்பி நடந்தவள், இன்று நகரவில்லை.

"இன்னைக்கு எப்படி இருக்கு?"

"எது?"

"உனக்குத் தெரியும் எதுன்னு."

அவன் சும்மா தலையாட்டித் தப்பித்துவிடுவானோ என்று பார்த்தாள். அவன் தப்பிக்கவில்லை. உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வருகிறவன் போலக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டான். 

"இன்னைக்கு ஒண்ணும் இல்லை," என்றான். "நவம்பர்ல ஒரு நாள் கொஞ்சம் இருந்துச்சு. இன்னைக்கு இல்லை. பசிக்குது."

நவம்பர் என்ற வார்த்தை அவளைக் குத்தியது. ஆனால் அவன் அதைச் சொன்னான் என்பதால், இன்றைக்கு இல்லை என்று சொன்னதையும் அவள் முழுசாக நம்பினாள். பிடித்திருந்த கோட்டை விட்டுவிட்டு, அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அடுத்த தடவை என்கிட்ட சொல்லணும். நான் எந்த ரயிலும் ஏறமாட்டேன்."

"சொல்றேன்," என்றான் ஆரின். பிறகு இன்னும் இரண்டு கிளை பாக்கி இருக்கிறது என்றும், அவள் அந்த இடத்திலேயே நின்று தன் இடுப்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டால் சீக்கிரம் முடியும் என்றும் சொன்னான். அவள் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றாள்.